மாமா தின்ற ஏலக்காய்

கெட்டுப்போன பலகாரத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அதை வாயில் போட்டுக்கொண்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்கிறவர்களை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். ஒரு கடை நாறிப்போவதற்குக் காரணம் கடைக்காரன் பாதி என்றால், இந்த 'நல்லாத்தானே இருக்கு' கோஷ்டி மீதிப் பாதி. சாம்பாரில் ஈ கிடந்தால் அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார்கள். கேட்டால், "பாவம், தெரியாம விழுந்திருக்கும்" என்பார்கள். (பாவம் என்று சொல்வது ஈயையா, கடைக்காரனையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.)

எங்கள் குடும்பத்தில் இந்தக் கோஷ்டிக்குத் தலைவர் என் தாய்மாமா பலராமன். எதிர்க்கட்சி நான் ஒருத்திதான். 1991-ம் வருடம் ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது சரோஜா அக்காவின் கல்யாணம்.

அப்போது நாங்கள் படப்பையில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா இல்லை. அம்மா, அக்கா, நான். அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் சேரப்பணஞ்சேரி பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கம்பியில் தொங்கவிட்டு நரம்பில் ஏற்றுவார்களே, அந்தப் பாட்டில்.

அங்கே என் வேலை பார்ப்பது. வெறுமனே உட்கார்ந்து பார்ப்பது. பின்னால் ட்யூப்லைட் எரிகிற ஒரு பலகைக்கு முன்னால் எங்களை வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். சீல் போட்ட பாட்டிலை எடுக்க வேண்டும், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்க வேண்டும், தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும், ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். உள்ளே தூசியோ நூலோ கண்ணாடித் துகளோ மிதந்தால் இடது பக்கம், சுத்தமாக இருந்தால் வலது பக்கம். ஷிஃப்ட் முழுக்க இதுதான். தூக்கு, கவிழ், சுழற்று, தள்ளு. தூக்கத்தில்கூட என் மணிக்கட்டு சுழல்கிறது என்று அக்கா சொல்வாள். மயிரிழையில் பாதி இருக்கிற நூலைக்கூட நான் பிடித்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் எனக்குக் 'கழுகு' என்று பேர் வைத்திருந்தார். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்தைக்கூட வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். (பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு பந்திக்குப் போய்விடுவார்கள்.)

இப்படிப்பட்ட கழுகுக்கு எதிரி யார் என்றால், படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த பொன்மணம் காபி நிலையம்.

பொன்மணத்தின் தாய்க்கடை தாம்பரத்தில் இருந்தது. அது நல்ல கடைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அங்கே பேர் வாங்கிய பிறகு படப்பையில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று என்று கிளை திறந்தார்கள். படப்பைக் கிளை திறந்த புதிதில் நாங்கள் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் சம்பள நாளில் கூட்டமாகப் போவோம். பித்தளை டபராவில் காபி வரும். நுரை விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கும். வடையைப் பிட்டால் ஆவி வரும். மேஜையைத் துடைக்கிற துணி வெள்ளையாக இருக்கும். இவ்வளவு ஏன், கை கழுவுகிற இடத்தில் சோப்பு இருக்கும். படப்பையில் அன்றைக்குச் சோப்பு வைத்திருந்த ஹோட்டல் அது ஒன்றுதான்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதலில் சோப்பு மறைந்தது. சரி, யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தோம். அடுத்து பித்தளை டபரா போய் எவர்சில்வர் டம்ளர் வந்தது. அதுவும் போய்க் கண்ணாடி டம்ளர் வந்தது, விளிம்பில் பல் பல்லாக உடைந்ததோடு. தேங்காய்ச் சட்னியில் தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை ஏறி, பிறகு பொட்டுக்கடலையும் குறைந்து தண்ணீர் ஏறியது. காலையில் மிஞ்சிய வடையைச் சாயங்காலம் மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்தார்கள், அது வெளியே கருகி உள்ளே ஜில்லென்று இருந்தது. டிகாஷன் இறங்கின தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றி, அதிலேயே மறுபடியும் ஊற்றினார்கள். அந்த வெள்ளைத் துணி இருக்கிறதே, மேஜை துடைக்கிற துணி, அது கடைசிவரை மாறவே இல்லை. அதே துணிதான். வெள்ளையாக இருந்தது கரும்பச்சையாகி, அது துடைத்த மேஜையில் கை வைத்தால் கையை எடுக்கப் பலம் வேண்டியிருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராகக் கல்லாவுக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன். நெற்றியில் சந்தனம், சட்டைப்பையில் இரண்டு பேனா, பார்வைக்குப் பெரிய மனுஷன். "மாவு, சட்னி எல்லாமே தாம்பரத்துலேர்ந்து வேன்ல வருதும்மா. நமக்குக் கிளை மட்டும்தான். எதுவா இருந்தாலும் நீங்க தாம்பரத்துல சொல்லணும்" என்றார். அந்தத் துணியும் தாம்பரத்திலிருந்துதான் வேனில் வருகிறதா என்று கேட்டேன். அதற்குள் அவர் அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பலராமன் மாமாவோ பொன்மணத்தின் பரம பக்தர். அவர் மனை புரோக்கர். படப்பையைச் சுற்றி அப்போது வயலெல்லாம் மனைக்கட்டாக மாறத் தொடங்கிய காலம். மாமா தன் பேரங்களையெல்லாம் பொன்மணத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் முடிப்பார். அவர் உள்ளே நுழைந்தால் மேனேஜர் "வாங்க சார்" என்பார். மாமாவை வேறு யாரும் எங்கேயும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு 'சார்' போதும், மாமா அந்தக் கடையில் விளக்கெண்ணெய் கொடுத்தாலும் குடித்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்பார்.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று வாயால் சொல்ல மாட்டார்கள். காபி கொடுப்போம். பிடித்திருந்தால் குடிப்பார்கள். பிடிக்காவிட்டால், "வயிறு சரியில்ல, இன்னொரு நாளைக்கு ஆகட்டும்" என்று டம்ளரைத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். அக்கா மாநிறத்துக்கும் ஒரு படி கம்மி. அதற்கு முன்னால் வந்துபோன மூன்று குடும்பங்களுக்கும் எங்கள் வாசல்படியை மிதித்ததும் வயிறு கெட்டுப்போனது. அம்மா போட்ட காபி ஆறி ஆடை கட்டிப் போகும். யாருக்கும் கொடுக்க மனசு வராமல் அம்மா அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுவாள். அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதிப்பாள். மூன்றாவது தடவை துணியே இல்லாமல் வெறும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாவதாக வல்லக்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பேர் ராஜேந்திரன், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் பெண் பார்க்க வர மாட்டார்கள். ஆவணி வரைக்கும் அந்த வரன் காத்திருக்குமா என்பது சந்தேகம். இந்த நேரம் பார்த்து முன்பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா தவறிப்போனார். ஒரே வாசல், தீட்டு வீடு. அங்கே எப்படிப் பெண் பார்க்கக் கூப்பிடுவது?

"இதுக்கு ஏன்கா ஒடஞ்சி போற? பொன்மணத்துல ஃபேமிலி ரூம் கீதுல்ல? மேனேஜர் நம்ம ஆளு. ஒரு வார்த்த சொன்னா கர்ட்டன் போட்டுத் தனியா வுட்ருவாரு" என்றார் மாமா.

"மாமா, அந்தக் கடையிலயா? அந்தக் கர்ட்டன் எதுக்குன்னு தெரியுமா? எல்லாரும் கை தொடைக்கிறதுக்கு" என்றேன்.

"உனுக்கு எதப் பார்த்தாலும் நொட்டதான். நேத்துகூட ரெண்டு வட துன்னேன். நல்லாத்தானே இருந்துச்சு."

அம்மா என்னைத் தனியாக அழைத்துப்போய், சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "அங்க வந்து வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. இது உங்க அக்கா வாழ்க்க" என்றாள். நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வாயைப் பற்றித்தான் சத்தியம். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபேமிலி ரூமில் போய் உட்கார்ந்தோம். மூன்று பக்கம் பிளைவுட், நாலாவது பக்கம் அந்தக் கர்ட்டன். கர்ட்டன் மேலே நீலமாகவும் கையெட்டும் உயரத்துக்குக் கீழே வேறு ஏதோ நிறமாகவும் இருந்தது. தலைக்கு மேல் ஒரு ட்யூப்லைட். மேஜையில் அந்தத் துணி அப்போதுதான் நடமாடிவிட்டுப் போயிருந்தது. அக்கா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் முழங்கையை மேஜையில் வைக்கப் போக, நான் இழுத்து மடியில் வைத்தேன். அம்மா என்னை முறைத்தாள்.

வல்லக்கோட்டைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். ராஜேந்திரன், அவருடைய அம்மா, ஒரு சித்தப்பா. ராஜேந்திரன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அப்படி ஒரு வெள்ளையை அந்தக் கடை திறந்த நாளுக்குப் பிறகு நான் அங்கே பார்த்ததில்லை. அவருடைய அம்மா நல்ல உயரம், பெரிய பொட்டு, அரக்குப் பட்டு. பேச்சு குறைச்சல், பார்வை அதிகம். அவரைப் பார்த்ததும் எனக்குக் கம்பெனி இன்ஸ்பெக்டர்கள் ஞாபகம் வந்தது.

"தையல் தெரியுமாமே?" என்றார் அக்காவிடம்.

"தெரியும்" என்றாள் அக்கா, குனிந்த தலை நிமிராமல்.

அந்த அம்மா அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "சரி, காப்பி சொல்லுங்க" என்றார்.

அம்மா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து இறுக்கினாள். அந்த இறுக்கு இன்னமும் எனக்கு நினைவிருக்கிறது. வாயால் காபி கேட்டுவிட்டார்கள், இனி குடிக்க வேண்டியதுதான் பாக்கி. அக்காவின் காதுமடல் சிவந்திருந்தது. மாமா பெருமையில் நாற்காலியோடு சேர்ந்து ஒரு சுற்றுப் பெருத்தார்.

சர்வர் ஏழு காபி கொண்டுவந்தார். ஒரு கையில் நாலு டம்ளர், அந்த நாலிலும் ஒவ்வொரு விரல் உள்ளே. இன்னொரு கையில் மூன்று, அதிலும் அப்படியே. (ஒரு ஆள் விரல் கழுவிய தண்ணீரைத் தனியாகக் கொண்டுவந்து கொடுத்தால் குடிப்போமா? காபி கலந்து கொடுத்தால் மட்டும் சரியாகிவிடுகிறதா?) நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியம்.

அந்த அம்மா தன் டம்ளரை எடுத்தார். ஊதினார். ஊதியதில் நுரை விலகியது. விலகிய இடத்தில் மெல்லிசாக, பழுப்பாக, நடுவில் ஒரு மடிப்போடு ஏதோ ஒன்று மிதந்து வந்து விளிம்பில் ஒட்டியது. மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கரப்பான்பூச்சியின் பின்னங்கால். முள் முள்ளாக இருக்குமே, அதுதான்.

உண்மையைச் சொல்கிறேன். குடித்துவிடட்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரு கால்தானே, முழுப் பூச்சி இல்லையே. குடித்துவிட்டால் அக்காவுக்குக் கல்யாணம். வாய் சத்தியத்தில் இருந்தது, மனசு அக்கா பக்கம் இருந்தது. என் வலது கை மட்டும் கம்பெனி பக்கம் இருந்தது. உள்ளே மிதப்பதைப் பார்த்துவிட்டு அதை வலது பக்கம் தள்ள அந்தக் கைக்குத் தெரியாது. டம்ளர் அவர் உதட்டைத் தொடப் போகிற சமயம், நான் எழுந்து குனிந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா குடிக்கப் போகிற காபியைப் பெண் வீட்டார் பிடுங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சம்பந்தமே வேண்டாம், எழுந்து போங்கள் என்று அர்த்தம். அம்மாவின் வாயிலிருந்து காற்று மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதோடு டம்ளரைக் கீழே வைத்திருந்தாலாவது ஏதாவது சமாளித்திருக்கலாம். நான் வைக்கவில்லை. பிடுங்கிய டம்ளரை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினேன்.

தூக்கியதும் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கவிழ்த்தேன். சுழற்றவும் சுழற்றினேன்.

குளுக்கோஸ் பாட்டிலுக்கு மூடி உண்டு.

காபி முழுவதும் ராஜேந்திரனின் தோளில் விழுந்து, வெள்ளைச் சட்டையில் வழிந்து, மடிவரைக்கும் இறங்கியது. பொன்மணம் காபி எப்போதும் ஆறிப்போய்த்தான் வரும். அதற்காகப் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் அது நல்லதாகப் போயிற்று, மனிதருக்குக் கொப்புளம் வரவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் அவருடைய சட்டைப்பைக்கு மேலே, பட்டன் மாதிரி எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏழு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டு மேனேஜர் கர்ட்டனை விலக்கிக்கொண்டு வந்தார். அவரும் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்ல சார்" என்றார் மாமாவிடம். "ஏலக்காத் தோலு."

"அதான?" என்றார் மாமா. அவருடைய நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. "ஏலக்காதான். இங்க காப்பிக்கு ஏலக்கா போடுவாங்க. இத்தப் போயி இந்தப் பொண்ணு இன்னாவோ ஏதோன்னு..."

சொல்லிக்கொண்டே மாமா கையை நீட்டினார். ராஜேந்திரனின் சட்டையிலிருந்து அந்தக் காலை இரண்டு விரலால் எடுத்தார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மென்றார்.

சாட்சி போய்விட்டது. என்னிடம் இருந்த ஒரே ஆதாரத்தை என் சொந்தத் தாய்மாமா கண்ணெதிரில் மென்று விழுங்கிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் பார்த்தது பொய்யா? ஒரு கடையின் மானத்தைக் காப்பாற்ற மனிதன் கரப்பான் காலைத் தின்பானா? தின்றார். முகத்தைக் கொஞ்சம்கூடச் சுளிக்கவில்லை. தின்றுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றும் சொன்னார்.

அந்த அம்மா மாமாவின் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாம்மா வேல பாக்கற?"

நான் வாயைத் திறக்காமல் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "சொல்லித் தொல" என்றாள். சத்தியத்திலிருந்து விடுதலை கிடைத்ததும் கொட்டிவிட்டேன். பாட்டில், வெளிச்சம், கவிழ்ப்பது, சுழற்றுவது, கரப்பான் கால், மேஜைத் துணி, கர்ட்டன், சோப்பு மறைந்தது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வா, உள்ள போயி பாக்கலாம்" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் குறுக்கே வந்தார். "கிச்சனுக்குள்ள லேடீஸ்லாம் வரக்கூடாதும்மா."

"லேடீஸ் குடிக்கலாம், எதுல போட்டுக் குடுக்கறன்னு பாக்கக்கூடாதா? நவுருய்யா."

உள்ளே போனோம். நான் பார்த்ததை முழுவதும் எழுதினால் நீங்கள் இன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டீர்கள். கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். டம்ளர் கழுவுவதற்கு ஒரே ஒரு வாளி. அதில் தண்ணீர் என்று ஒன்று இருந்தது, காபியைவிடக் கெட்டியாக. எச்சில் டம்ளரை அதில் ஒரு முக்கு, எடுத்தால் அடுத்த காபிக்கு ரெடி. மூலையில் வடைத் தட்டின் மேல் ஈரச் சாக்கு மூடியிருந்தது, அந்த அம்மா சாக்கைத் தூக்கியதும் அதற்குக் கீழே குடியிருந்த ஏலக்காய்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடின. சில ஏலக்காய்களுக்குக் கால் குறைந்திருந்ததையும் நான் கவனித்தேன்.

அந்த அம்மா வெளியே வந்தபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அத்தனை நாள் என் ஒருத்தியின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது இப்போது இன்னொருவரின் வாய் வழியாக வந்தது.

"இன்னாய்யா பொழப்பு இது? மாட்டுக்குக் கழனித் தண்ணி வெச்சாகூட அண்டாவத் தேச்சுட்டு வெப்போம். காசு வாங்கினுதானே குடுக்கற? புள்ளத்தாச்சிங்க வருவாங்க, கொழந்தைங்க வரும், அவங்களுக்கும் இத்தையே குடுப்பியா?"

"எல்லாமே தாம்பரத்துலேர்ந்துதாம்மா..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"கரப்பானுமா?"

முன்பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்கள். நல்லாத்தானே இருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். ஆனால் ஃபேமிலி ரூமுக்குள் திரும்பி நுழைந்ததும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் மீதி ஆறு காபி தொடாமல் இருந்தது. அன்றைக்கும் ஒருவரும் காபி குடிக்கவில்லை. நாலாவது தடவையும் அதேதான், இந்தத் தடவை காரணம் நான். என் மணிக்கட்டை வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

ராஜேந்திரன் கர்ச்சீப்பால் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கக் கறை பரவியது. பக்கத்திலிருந்த தண்ணீர் ஜக்கில் கர்ச்சீப்பை நனைக்கப் போனார்.

"அந்தத் தண்ணியத் தொடாதீங்க" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா தலையை நிமிர்த்தியிருந்தாள். "தேச்சா கறை உள்ள எறங்கிடும். வெறும் தண்ணிதான் ஊத்தணும், ஆனா இந்தக் கடைத் தண்ணி வேணாம். இத ஊத்தினா சட்டையோட போவாது, ஆளுக்கே எதுனா வந்துடும்."

ராஜேந்திரன் சிரித்துவிட்டார். தோளிலிருந்து மடிவரைக்கும் காபி சொட்டச் சொட்டச் சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரும் முன்னால் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.

"ஒண்ணும் குடிக்காம எழுந்து போனா வேணாம்னு ஆயிடும்" என்றார் பொதுவாக. "எனக்கு அப்பிடிப் போக மனசில்ல. ஆனா இந்தக் கடையில பச்சத் தண்ணிகூடத் தொட மாட்டேன்." என்னைப் பார்த்து, "ஏம்மா கவுத்தவளே, எதிர்ல பெட்டிக்கடை கீது பாரு. சீல் ஒடைக்காத சோடா வாங்கியா. பாத்து வாங்கு" என்றார்.

நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். பெட்டிக்கடையில் பன்னீர் சோடாதான் இருந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் சாயங்கால வெயிலுக்கு நேராகத் தூக்கி, கவிழ்த்து, சுழற்றிப் பார்த்தேன். கடைக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஏழு பாட்டிலைத் தேறவைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மா முதல் பாட்டிலை வாங்கி, என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உடைத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ஆவணியில் வல்லக்கோட்டை முருகன் கோவிலில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் காபி கிடையாது என்பது மாப்பிள்ளை வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை. பலராமன் மாமாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தொடங்கியது மூன்று நாள் நிற்கவில்லை. "சோடா ஒத்துக்கல" என்று டாக்டரிடம் சொன்னாராம். பொன்மணம் படப்பைக் கிளை அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. துணியைக்கூட மாற்றவில்லை. மாமாவும் அங்கேதான் மனை விற்றார்.

அக்காவின் மாமியார், நான் எப்போது அவர்கள் வீட்டுக்குப் போனாலும், காபி டம்ளரை முதலில் ட்யூப்லைட்டில் காட்டிவிட்டுத்தான் என்னிடம் தருவார். "பாஸா, பெயிலா?" என்பார். தரும்போது தன் புடவையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளியும் உட்கார்ந்துகொள்வார்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இப்போது பெண் பார்க்க வந்தால் காபி கிடையாது, பன்னீர் சோடாதான். அக்கா மகள் தீபாவைப் பார்க்கச் சில வருடங்களுக்கு முன்னால் தாம்பரத்திலிருந்து வந்தார்கள். அவள் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறாள். (ரத்தத்தில் வருவது.) தட்டில் சோடா பாட்டில்களைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆச்சரியம். ஏன் காபி இல்லை என்று கேட்டார். ராஜேந்திரன் மோட்டுவளையைப் பார்த்தார். அக்கா சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பலராமன் மாமா தொண்டையைக் கனைத்தார். எழுபத்தைந்து தாண்டிவிட்டது, பல் பாதி இல்லை.

"படப்பையில ஒரு காப்பிக் கடை இருந்துதும்மா. காப்பிக்கு ஏலக்கா போட்டுத் தருவான்" என்றார்.

"காபியில ஏலக்காயா? குடிக்க நல்லா இருக்குமா?" என்றார் அந்த அம்மா.

நான் மாமாவையே பார்த்தேன். அக்காவின் மாமியாரும் பார்த்தார். மாமா எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வாயில் மிச்சமிருந்த எதையோ மெல்லுகிற மாதிரி தாடையை அசைத்தார்.

"நல்லாத்தானே இருந்துது" என்றார்.